எலியாஸ் வரைந்த இலை

புக்கிட் மேரா
8 மார்ச் 2023

தம்பி ரத்னவேலுக்கு,

என் தொலைபேசி எண்ணை நீ முடக்கி ஐந்து வருடம் ஆகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தபால்காரரை முடக்கும் வித்தை உனக்கு இன்னும் கைவரவில்லை என்று நம்புகிறேன்.

அம்மா போய்விட்டாள் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது, சொல்லட்டுமா? நேற்றுக் காலை பல் டாக்டரிடம் போயிருந்தேன். எதிரே இருந்தவர் தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார். என் பக்கம் இருந்த தாளில் அம்மாவின் முகம். எழுந்து போய் அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். பாக்கியம் பரமசிவம், வயது 81, சனிக்கிழமை காலமானார், ஞாயிற்றுக்கிழமை மண்டாயில் தகனம். மகன் ரத்னவேல், மருமகள் லட்சுமி, பேத்தி வர்ஷா. அதற்குக் கீழே ஈப்போவில் இருக்கும் சித்தப்பாவின் பேரன்கள் வரை வரிசையாகப் போட்டிருந்தாய். மகள் என்று ஒருத்தியை மட்டும் காணோம். நான் மூன்று முறை படித்தேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அம்மாவுக்கு வாய்க்கரிசி போடக்கூட என்னைக் கூப்பிடவில்லை. அது போனது போனதுதான், திரும்ப வராது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறேன். உன் வீட்டில் சாப்பிட மாட்டேன், யாரோடும் பேச மாட்டேன். அம்மா படத்துக்கு முன்னால் என் கையால் ஓர் இலை போட வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அதற்கும் நீ மறுத்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன் ரத்னம். நான் சொன்னதைச் செய்கிறவள் என்பது சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும்.

செல்லக்கண்ணு


12 மார்ச் 2023

திருமதி ஆனி ஜார்ஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஞானஸ்நானத்தில் வாங்கிய பெயரை விட்டுவிட்டுப் பழைய பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வசதிக்கு ஒரு பெயர் போலும்.

அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டது நானும் லட்சுமியும். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உப்பு அளந்து, தண்ணீர் அளந்து, பழத்தைக்கூட டாக்டரிடம் கேட்டுக் கொடுத்தோம். நீங்கள் என்ன செய்தீர்கள்? அம்மா மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பும் சனிக்கிழமைகளில் தேக்காவில் காத்திருந்து, தின்னக்கூடாததையெல்லாம் வாங்கிக் கொடுத்தீர்கள். சனிக்கிழமை நீங்கள் கொடுத்ததை ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் நான் பார்த்தேன். எண்ணை முடக்கியது அதற்காகத்தான்.

காரியத்துக்கு வர வேண்டாம். தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு போனவர் இங்கே வந்து படையல் போட்டால் உறவுக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசியுங்கள். உங்கள் வழக்கப்படி பூசை வைத்துக்கொள்ளுங்கள். கீழே செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரத்னவேல்


19 மே 2024

திருமதி ஆனி ஜார்ஜ் அவர்களுக்கு,

வர்ஷாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம். ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை நிதீஷ், வங்கியில் வேலை. இதை உங்களுக்குச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பெரியப்பா மகன் குமரன் அண்ணன்தான் “சொல்லாம விட்டா நல்லா இருக்காதுடா” என்று பிடிவாதம் பிடித்தார். சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

இடம், சிராங்கூன் ரோட்டில் என் புதுக் கிளை. கடை திறப்பும் நிச்சயமும் ஒரே நாளில். கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே விசேஷ ஹால். இங்கே இருக்கிற கடைகளில் மயில் படமும் மீனாட்சி கோபுரமும் மாட்டியிருப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. மெக்சிகோ நாட்டு ஓவியர் ஒருவரை வைத்து வரையச் சொன்னேன். எலியாஸ் உர்பீனா என்று பெயர். காய், பழம், பாத்திரம், இல்லையென்றால் மலை, மழை, கட்டடம். இவற்றைத்தான் வரைவாராம். மனிதர்களைத் தொடமாட்டாராம். என் இண்டீரியர் ஆள் ஆரிஃப் பிடித்துக் கொடுத்தார். தலைவாழை இலைச் சாப்பாடு ஒன்று வரையச் சொல்லி ஆரிஃபிடம் சொல்லி அனுப்பினேன்.

ஆறடி அகலம். சோற்றின் மேல் தூவிய கருஞ்சீரகத்தைக்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம். நம் ஊர் ஓவியர் ஒருவரால் இப்படி முடியாது. மேலே ஹாலில், மேடைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். தாம்பூலம் மாற்றும்போது எல்லாப் போட்டோவிலும் அது விழும்.

ரத்னவேல்


23 மே 2024

ரத்னம்,

சொல்லி அனுப்பியதற்கு நன்றி. குமரன் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். நான் வரவில்லை. ஆனாலும் அந்த ஹாலில் நான் இருப்பேன் என்று வைத்துக்கொள்.

படத்தை மேடைக்குப் பின்னால் மாட்டியது நல்ல யோசனை. இவ்வளவு நல்ல யோசனை உனக்கு வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தை இதோடு நிறுத்தி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பிறகு பிரித்தேன். வர்ஷா பிறந்த ஆஸ்பத்திரியில் லட்சுமிக்கு அடுத்தபடியாக அவளைத் தூக்கியது நான். அந்தப் பிள்ளைக்காக ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். உன் கடையில் தினமும் இலை போடுகிற ஆட்களில் அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிட்டு, அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்து. “எப்படி இருக்கு?” என்று கேட்காதே. நீ அப்படிக் கேட்டால் “ரொம்ப நல்லா இருக்கு மொதலாளி” என்றுதான் பதில் வரும். “இதில் என்ன தப்பு?” என்று கேள்.

ஆனால் நீ கேட்கமாட்டாய். எனக்குத் தெரியும்.

செல்லக்கண்ணு


11 ஜூன் 2024

செல்லக்கண்ணு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. நீ என்ன ஜென்மம்?

நிதீஷின் அப்பா சரத் மேடைக்கு வந்தார். நான் படத்தைக் காட்டி, மெக்சிகோ ஓவியர், ஆறடி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத மாதிரி, “ரத்னம், இது யாரோட கருமாதிக்குப் போட்ட இலை?” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். நுனி வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. சாப்பிடுகிறவனுக்கு நுனி இடப்பக்கம்தானே வரும். கருஞ்சீரகம் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது எள். விளக்கில் ஒற்றைத் திரிதான் எரிகிறது. அதற்குள் நிதீஷின் அம்மா வந்துவிட்டார். “செத்தவங்களுக்குப் போட்ட இலை முன்னாடி எம்மகனுக்குத் தாம்பூலம் மாத்தணுமா? வேணாம்லா, வேற நாள் பாத்துக்கலாம்” என்றார். அவ்வளவு மென்மையாகச் சொன்னார். கொண்டு வந்த தட்டுகளை அவர்களே எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இருநூறு பேர் சாப்பிடாமல் எழுந்து போனதை என் மகள் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலி முகம்மது இருபது வருடமாக என்னிடம் இலை போடுகிறவர். அவரைப் பிடித்துக் கேட்டேன். “படம் வந்த அன்னைக்கே தெரிஞ்சுச்சு மொதலாளி. நீங்க வெளிநாட்டு ஓவியம்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்” என்கிறார். கடையில் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

படத்தைக் கழற்றித் திருப்பினேன். பின்னால் ஸ்பானிய மொழியில் ஒரு வரி, நடுவில் ஆங்கில எழுத்தில் உன் பெயர். ஆரிஃபைக் கேட்டேன். மேசையில் பொருள்களை வைத்துக் கொடுத்தவர் பெயரை அந்த ஆள் பின்னால் எழுதுவாராம், குடியிருப்பது புக்கிட் மேராவிலாம். நீயா அந்த மேசையை வைத்தாய்? அவர் உன் வீட்டிலா இருக்கிறார்?

பத்திரிகையில் உன் பெயரை விட்டதற்கு என் மகளின் வாழ்க்கையா விலை?

ரத்னவேல்


15 ஜூன் 2024

ரத்னம்,

ஆமாம், நான்தான் வைத்தேன்.

எலியாஸ் இரண்டு வருடமாக எங்கள் நடு அறையில் வாடகைக்கு இருக்கிறார். வயது அறுபத்தாறு, மனைவி இல்லை. மகளுக்கு இங்கே வேலை என்று கூட வந்தவர், மகள் வீட்டில் சாயத்தின் வாடை ஒத்துவராமல் இடம் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் வந்து உட்காருவார். ஒரு மாதம் கழித்துத்தான் ஜார்ஜிடம் “இது என்ன மொழி?” என்று கேட்டார். பாட்டுக்காக வந்தாராம். நானும் ஜார்ஜும் அன்று சிரித்த சிரிப்பில் அவருக்கு அறை கிடைத்தது.

தேக்காவுக்குக் கூட்டிப் போனால் மிளகாய், தக்காளி, கொய்யா, பூசணி என்று ஒவ்வொன்றையும் தொட்டு, இவர்களெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் என்பார். பூக்கடையில் செண்டுமல்லிக் குவியலைப் பார்த்து நின்றவர் அங்கிருந்து நகரவே இல்லை. அவர் ஊரில் அது செத்தவர்களுக்கு வைக்கும் பூவாம். நவம்பரில் மேசை போட்டு, அந்தப் பூவைக் கொட்டி, போனவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டை வைப்பார்களாம். நம் படையலேதான் என்று நான் சொன்னேன்.

காலையில் பதினோராம் மாடி நடைபாதையில் நின்று துறைமுகத்துக் கிரேன்களையும் மழை இருட்டிக்கொண்டு வருவதையும் வரைவார். மத்தியானத்துக்கு மேல் அறைக்குள் காய்கறிகள். கண்ணால் பார்ப்பதை மட்டும்தான் வரைவார். கத்தரிக்காய் சுருங்கினால் சுருங்கினபடி, வாழைப்பழம் கறுத்தால் கறுத்தபடி. மேசையில் எதையும் அவர் வைக்கமாட்டார், நகர்த்தவும் மாட்டார். வேறு யாராவது வைக்க வேண்டும். போன வருடம் மாசி மாதம் நீ என்னைக் காரியத்துக்கு வர வேண்டாம் என்று எழுதினாய். இந்த வருடம் அதே மாசி மாதம் எலியாஸ் வந்து, சிராங்கூன் ரோட்டில் ரத்னவேல் என்ற ஒருவர் தமிழ் விருந்து கேட்கிறார், இலையை நீங்கள் போட்டுக் கொடுங்கள் என்றார். கடவுளாகப் பார்த்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்த மாதிரி இருந்தது.

நுனியை வலப்பக்கம் திருப்பினேன். சோற்றில் எள்ளைக் கலந்தேன். அகத்திக்கீரை, வாழைக்காய், பாகற்காய். விளக்கில் ஒற்றைத் திரி போட்டுத் தெற்கே பார்க்க வைத்தேன். உனக்குத் தெரியாது என்று எனக்கு நிச்சயம். இருபத்தைந்து வருடம் இலைச் சாப்பாடு விற்றவன், ஒருநாளும் குனிந்து ஓர் இலை போட்டதில்லை. காரியத்தன்று ஐயர் நில் என்றால் நின்றிருப்பாய், உட்கார் என்றால் உட்கார்ந்திருப்பாய், கண் கைபேசியில் இருந்திருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இலையை விரித்த பிறகு கை தானாக வேலை செய்தது. அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கி வந்தேன். தேங்காய்ப்பூவில் புரட்டிய பச்சை ஓண்டே-ஓண்டே உருண்டை நான்கு, அவித்த கடலை, பலாச்சுளை. எலியாஸ் அதைப் பார்த்துவிட்டு “இது யாருக்கு?” என்று கேட்டார். கடைக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தூரிகையை எடுத்தார்.

வர்ஷா விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. எச்சரித்தேன், நீ கேட்கவில்லை. உன் விஷயத்தில் ஒரு துளி வருத்தமும் இல்லை. இருநூறு பேருக்கு முன்னால் உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

செல்லக்கண்ணு


30 ஜூன் 2024

செல்லக்கண்ணு,

நேற்று உன் ஓவியரைப் பார்த்தேன். ஆரிஃபை விட்டுத் தேக்கா சாப்பாட்டுக்கடைக்கு வரவழைத்தேன். முதலில் அவரை வழக்குக்கு இழுப்பதாகத்தான் இருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்ததும் மனம் மாறிவிட்டது. சட்டை முழுக்கச் சாயத்தோடு ஒரு வயதான மனிதர். வழக்கு வேண்டாம், உண்மையே போதும் என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகையில் பெயரை விட்டதையும் மறைக்கவில்லை. உங்கள் கையை வைத்து ஒரு பெண்ணின் நிச்சயத்தைக் கெடுத்தாள் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரி என்றேன். அவர் கோப்பையைக் கையில் பிடித்தபடியே இருந்தார், குடிக்கவில்லை. எழுந்து போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நீ கேட்காத மன்னிப்பை அவர் கேட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீ நன்றாகத் தூங்கினாய் என்று எழுதியதைப் படித்த அன்றே இதை உனக்குச் சொல்வதாக முடிவு செய்துவிட்டேன்.

கடைசி நான்கு நாள் அம்மா உன்னைத்தான் கேட்டாள். என் பெயரைச் சொல்லவில்லை. மூத்திரத் துணி மாற்றிய லட்சுமியின் பெயரைச் சொல்லவில்லை. “கண்ணு வந்துட்டாளா, கண்ணு எங்க?” இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கைபேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. உன் எண்ணைத் திறக்க ஒரு நிமிடம் போதும். நான் திறக்கவில்லை. பதினோரு வருடம் நான் பார்த்தேன், அவள் உன்னைக் கேட்கிறாளே என்று ஆத்திரம். பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தபோதும் அதே ஆத்திரம்தான். உறவுக்காரர்கள், ஞானஸ்நானம் எல்லாம் பேச்சுக்குச் சொன்னது.

மூன்றாம் நாள் அம்மா கேட்டபோது, வந்துகொண்டிருக்கிறாள் என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி நீ தூங்கு பார்க்கலாம்.

ரத்னவேல்


7 ஜூலை 2024

ரத்னம்,

உன் கடிதத்தை ஜார்ஜ்தான் படித்துக் காட்டினார். என் கண்ணாடி உடைந்திருந்தது. அம்மா என்னைக் கேட்ட இடம் வந்ததும் அவர் படிப்பதை நிறுத்தினார். மீதியை நான் பிடுங்கிக் கண்ணருகில் வைத்துப் படித்தேன்.

நீ ஜெயித்துவிட்டாய். அதை ஒத்துக்கொள்கிறேன். நான் உன் கடையைக் கெடுத்தேன், நீ என் அம்மாவின் கடைசி நாலு நாளைக் கெடுத்தாய். இரண்டும் ஒன்று என்று எந்தத் தராசிலும் வராது. ஐந்து நாளாகச் சமைக்கப் போனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே நிற்கிறேன். அவள் வாசலைப் பார்த்தாள் என்று ஏன் எழுதினாய்? மற்றதை எழுதியிருக்கலாம், அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

எலியாஸ் போய்விட்டார். உன்னைப் பார்த்து வந்த மறுநாள் பெட்டி கட்டினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அவர் பேசியது ஆங்கிலம், என் காதில் தமிழாகத்தான் விழுந்தது. “பத்தொன்பது நாள் அந்த இலை முன்னாடி உட்கார்ந்திருந்தேன். செத்துப்போன ஒரு அம்மாவுக்குப் போட்டதுன்னு முதல் நாளே தெரிஞ்சுது. உங்களால வாய்விட்டுச் சொல்ல முடியலைன்னு நினைச்சேன். அவங்களோட பேசிக்கிட்டே வரைஞ்சேன். எங்க ஊர்ல மேசை போட்டா போனவங்க வருவாங்கன்னு நம்புவோம். நீங்க போட்ட மேசைக்கு அவங்களை யாரு கூப்பிட்டா?” என்றார்.

உன்னை எப்படி வெட்கப்பட வைப்பது என்று யோசித்துக்கொண்டே இலை போட்டேன். ஒரு தடவைகூட அம்மா வா என்று சொல்லவில்லை. நடைபாதைச் சுவரில் அவர் மாட்டியிருந்த கிரேன், மழை எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு பொங்கோலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பூசைக்கும் வருவதில்லை.

படத்தைத் திருப்பிக் கொடு. உனக்கு அது வேண்டாத பொருள். என்னிடம் அம்மாவுக்குச் செய்தது என்று வேறு எதுவும் இல்லை. இதை உன்னிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஆனால் உன்னை நான் மன்னிக்கமாட்டேன், அதையும் தெரிந்துகொள். சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

செல்லக்கண்ணு


13 மார்ச் 2025

அக்காவுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். வர்ஷாவும் நிதீஷும் போன நவம்பரில் பெரியவர்கள் யாரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

படத்தைத் தரமாட்டேன். முதலில் கிழிக்கத்தான் போனேன், வர்ஷா கையைப் பிடித்துக்கொண்டாள். கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டோர் ரூமில் வைத்தேன். நேற்று முன்தினம் அம்மாவுக்குத் திதி. போன வருடத் திதிக்கு ஐயர் சொன்னதை மட்டும் படைத்திருந்தோம். இந்த வருடம் லட்சுமி, “அத்தைக்குப் பிடிச்சது ஏதாவது செய்யணும், என்ன பிடிக்கும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் டாக்டர் சொன்னதைத்தான் கொடுத்தோம். பிடித்தது எது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

ஸ்டோர் ரூமிலிருந்து படத்தை எடுத்து அம்மா போட்டோவுக்கு எதிரே வைத்தேன். அதைப் பார்த்துப் பார்த்துப் படைத்தோம். இலையை நானே குனிந்து போட்டேன், நுனி அதில் இருக்கிறபடி. ஓண்டே-ஓண்டே நான்கு, பலாச்சுளை, கடலை. இலையின் மேல் ஓரத்தில் ஒரு தம்ளர் கோப்பி இருக்கிறதே, அதையும் விடவில்லை. படத்தில் அதன் மேல் ஆடை படிந்திருக்கிறது. நானும் கோப்பியை ஊற்றி, ஆடை படியும்வரை பொறுத்திருந்து, பிறகு வைத்தேன். ஒரு குறையும் இல்லை.

எதற்காக எழுதுகிறேன் என்றால், உனக்கு இது தெரிய வேண்டும். அம்மாவைப் பற்றி உனக்கு மட்டும் தெரிந்தது இனி எனக்கும் தெரியும். உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாசியிலும் அந்தப் படத்தைப் பார்த்து நான் படைப்பேன். நீ நாலு ஸ்டேஷன் தள்ளி உட்கார்ந்து நினைத்துக்கொண்டிரு.

ரத்னவேல்


17 மார்ச் 2025

ரத்னம்,

படித்தேன். இந்தத் தடவை கண்ணாடி இருந்தது, நானே படித்தேன்.

படம் உன்னிடமே இருக்கட்டும். இனி கேட்கமாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் உன்னிடம் ஓர் இலை கேட்டேன். செக்யூரிட்டியை வைத்துத் தடுத்தாய். இப்போது நீயே குனிந்து, நான் வைத்த இடத்தில் நான் வைத்ததை வைக்கிறாய். வருடாவருடம் வைக்கப்போவதாக உன் கையால் எழுதியும் கொடுத்திருக்கிறாய். உன் வீட்டில் அம்மாவுக்குப் படைக்கிறது நான்தான். அதை மாற்ற வேண்டுமென்றால் அம்மாவுக்குப் பிடிக்காததைத்தான் நீ படைக்க வேண்டியிருக்கும்.

அப்படி ஒன்றை ஏற்கெனவே செய்துவிட்டாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எலியாஸ் வரைந்த பத்தொன்பது நாளும் நான் காலையில் கோப்பியைப் புதிதாகப் போட்டுச் சூடாகத்தான் வைத்தேன். அவர் மற்றதையெல்லாம் வரைந்து கோப்பிக்கு வருவதற்குள் ஆறிவிடும். பார்த்ததை வரைகிறவர், ஆடையோடு வரைந்துவிட்டார். அம்மா ஆறின கோப்பியை வாயில் வைக்கமாட்டாள் ரத்னம். தேக்காவில் கடைக்காரர் பேசிக்கொண்டே கொண்டுவந்து வைத்தால், தம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை நீயே குடிப்பா” என்று தள்ளிவிடுவாள். நாக்கு சுடும் பதத்தில் ஊதி ஊதிக் குடிப்பாள். அவள் கூடவே இருந்த உனக்கு இது தெரியாமல் போனதே என்று சிரிக்கத்தான் நினைத்தேன், சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தவளுக்கு, பார்த்துக் காத்திருந்து, ஆற வைத்துக் கொடுத்திருக்கிறாய்.

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நீ ஆயுசுக்கும் அதையே செய்துகொண்டிருப்பாய். மூன்று நாள் அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டுப் பார்த்தேன். தண்டனை அம்மாவுக்கல்லவா போகிறது.

அடுத்த மாசியில் எல்லாவற்றையும் வைத்து முடி. கோப்பியைக் கடைசியாக ஊற்று. ஆவி அடங்குவதற்குள் அம்மாவைக் கூப்பிடு. கண்ணு வந்துவிட்டாள் என்று சொல்.

பாக்கியம் பரமசிவத்தின் மகள்
செல்லக்கண்ணு